கரும்பு வண்டி நிற்கும் இடம்

ஊர்ப் பொது – 17

சென்ற வாரம் சென்னை பாண்டி பஜாரில் நடந்தோம். 2019 நவம்பரில் திறக்கப்பட்ட அந்த அகலமான நடைபாதையைப் பற்றிப் படித்தவர்களுக்கு, ‘இதெல்லாம் மாநகராட்சிக்குச் சரி, எங்கள் ஊருக்கு என்ன?’ என்று கேட்கத் தோன்றியிருக்கும். நியாயமான கேள்வி. அதற்காகவே இந்த வாரம் மூங்கில்துறைப்பட்டு.

திருவண்ணாமலையிலிருந்து சங்கராபுரம் போகும் சாலையில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது ஊர். 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டம். நிர்வாகக் கணக்கில் இது ஊராட்சி. ஆனால் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இங்கே இருப்பதால் நடமாட்டம் ஒரு சிறு நகரத்துக்கு உரியது. நகரத்துக்கான கூட்டம் உண்டு, நகரத்துக்கான வசதி இல்லை. தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கணக்கான ஊர்கள் இருக்கின்றன. நகரத் திட்டங்களின் கண்ணிலும் இவை படுவதில்லை, கிராமத் திட்டங்களிலும் முழுதாக அடங்குவதில்லை.

ஆலை ஓடும் மாதங்களில் இந்தச் சாலையைப் பார்க்க வேண்டும். கட்டிங் ஆர்டர் கிடைத்து வெட்டிய கரும்பை ஏற்றிக்கொண்டு டிராக்டர்கள் எடைமேடைக்குக் காத்து நிற்கும். கரும்பு காயக் காய எடை குறையும் என்பதால் விவசாயிக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. ஓட்டுநர் டிரெய்லருக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். அந்த மதியத்தில் அவருக்குக் கிடைக்கும் ஒரே நிழல் அவர் ஏற்றி வந்த கரும்பின் நிழல்தான். வெட்டாட்களாக வந்த பெண்கள் ஒதுங்குவதற்கு மறைவிடம் தேடி வயலுக்குள் நடக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் டீக்கடைக்காரர் மனம் வைக்க வேண்டும்.

முன்னோர் இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள்: வண்டிப்பேட்டை. மாட்டை அவிழ்த்துக் கட்ட மரம், தண்ணீர்த் தொட்டி, படுக்க ஒரு திண்ணை. அது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 134ஆம் பிரிவு மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, இடுகாடு, மாட்டு மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளைக் கிராம ஊராட்சியின் பொறுப்பில் வைக்கிறது. ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டுத் திரும்ப ஊராரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது. ஆக, சட்டம் ஊர் பக்கம் இருக்கிறது. வண்டி மாறி டிராக்டர் வந்திருக்கிறது, அவ்வளவுதான். பேட்டை தேவைப்படாமல் போகவில்லை.

நம் ஊர்களில் ‘அழகுபடுத்துதல்’ என்றால் இப்போது ஒரே வாய்ப்பாடு. மண் தெரியாமல் சிமென்ட் கல் பதிப்பது, வேப்பமரத்தைச் சுற்றி அடிமரத்தோடு ஒட்டிச் சிமென்ட் மேடை கட்டுவது, ஓர் இரும்பு வளைவு, அதில் பெயர்ப்பலகை. மழைநீர் இறங்க வழியில்லாமல் வேர் திணறும். நாலைந்து வருடத்தில் ஒரு காற்றுக்கு மரம் சாயும். கட்டியவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே யார், எந்த நேரத்தில், எதற்காக உட்காருகிறார்கள்? அதற்குப் பதில் தெரிந்தவர்கள் பூ விற்கும் அம்மாவும், டிராக்டர் ஓட்டுநரும், பேருந்துக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளும். அவர்களைக் கேட்டு வரைந்த திட்டம் செலவிலும் சிக்கனமாக இருக்கும். புங்கனும் நாவலும் வேம்பும் வளர, மண்ணைத் திறந்து விட்டாலே பாதி வேலை முடிந்தது.

ஊரின் ஆகப் பெரிய பொது இடம் ஆறு. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் தென்பெண்ணைக் கரை நெடுகிலும் மக்கள் திரள்வார்கள். கீழ்ப்புறம் மணலூர்ப்பேட்டைக்குத் திருவண்ணாமலை அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு வருகிறார். யாரும் வடிவமைக்காத மைதானமாக மணல் மாறுகிறது: ஒரு பக்கம் சாமி, ஒரு பக்கம் ராட்டினம், ஒரு பக்கம் கரும்பும் பொரியும். மறுநாள் கூட்டம் கலைந்த பிறகு பிளாஸ்டிக் மட்டும் தங்கிவிடுவதுதான் வேதனை. ஆற்றங்கரையில் எதையும் செய்யும் முன் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2024 டிசம்பர் 2 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மேலே சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டு ஆறு கரை மீறியது. அதே வெள்ளத்தில், திறந்து மூன்றே மாதமான அகரம்பள்ளிப்பட்டு பாலம் போனது. ஆற்றோரம் வேண்டியது படித்துறையும் மரமும். கான்கிரீட் பூங்கா அங்கே நிற்காது.

‘ஊர்ப் பொது’ என்று சொல்லும்போது எந்த ஊர் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நம் மந்தைவெளிகளும் மேடைகளும் காலங்காலமாக ஊர்த்தெருவுக்கு மட்டுமே பொதுவாக இருந்தன. காலனிக்காரர் அந்த மேடையில் உட்கார முடியாது. இன்றும் பல ஊர்களில் சொல்லாமலே அந்தக் கோடு இருக்கிறது. பெண் பிள்ளைகள் நிலையும் ஏறக்குறைய அதுதான். வியன்னாவில் 1990களில் நடந்த ஆய்வு ஒன்று, ஒன்பது வயது தாண்டியதும் சிறுமிகள் பூங்காவுக்கு வருவதே குறைந்துவிடுகிறது என்று கண்டது. 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். நம் ஊரில் ஒன்பது வயதுவரைகூட விடுவதில்லை. ஆகவே புதிய இடம் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் அமையட்டும். எங்கே என்று முடிவு செய்யும் கூட்டத்தில் இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் உட்காரட்டும். இதில் விட்டுக்கொடுத்தால் மற்றதெல்லாம் வீண்.

பணம்? 1997–98இல் தொடங்கி, இடையில் பெயர் மாறி, 2021–22இல் திரும்பி வந்த ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். பாதிக்கு மேல் போட்டால் வேலையையும் தாங்களே எடுத்துச் செய்யலாம். ஆலை, வியாபாரிகள், கரும்பு விவசாயிகள், மகளிர் குழுக்கள் சேர்ந்தால் இந்த ஊருக்கு அந்தப் பங்கு பெரிதல்ல. காசில்லாமலும் நடந்திருக்கிறது: கோவையில் 2017இல் பேரூர்ப் பெரியகுளத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மண்வெட்டியோடு கூடியவர்கள் சாதாரண மக்கள்தான். கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வார முன்னின்றவர்களும் அந்தப் பகுதி இளைஞர்களே.

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊரிலும் ஒரு வண்டிப்பேட்டையோ களமோ தோப்போ கேட்பாரற்றுக் கிடக்கும். ‘அ’ பதிவேட்டில் அதன் சர்வே எண்ணைப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதை அளந்து மீட்கச் சொல்லித் தீர்மானம் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

(தொடரும்)