பூவா, தலையா? தலசீமியா சொல்லித் தரும் மரபணுக் கணக்கு

உயிரியல் பாடத்தில் மரபுவழி என்றாலே மாணவர்கள் பலருக்குத் தலை சுற்றும். மெண்டல், பட்டாணிச் செடி, நான்கு கட்டங்கள் என்று மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அந்த நான்கு கட்டங்கள் நாளை நம் வீட்டுக் கணக்காகவும் ஆகலாம். தலசீமியா அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின்தான் உடலெங்கும் ஆக்சிஜனைச் சுமந்து செல்கிறது. அதன் ஒரு பகுதியான பீட்டா குளோபினை உருவாக்கும் மரபணு நம்மிடம் இரண்டு இருக்கிறது. ஒன்று அம்மா தந்தது, மற்றொன்று அப்பா தந்தது.

ஒன்றில் மட்டும் குறை இருந்தால் மற்றது சமாளித்துக்கொள்ளும். இலேசான சோகை இருக்கலாம், அவ்வளவுதான். இவர் குறையுள்ள மரபணுவைச் சுமப்பவர், நோயாளி அல்லர். பரிசோதிக்காவிட்டால் அவருக்கே தெரியாது. இரண்டிலும் கடுமையான குறை இருந்தால், சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றவும் மருந்து தேவை.

சுமப்பவர் இருவர் மணந்துகொண்டால்? ஆளுக்கொரு காசைச் சுண்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பூ நல்ல மரபணு, தலை குறையுள்ளது. இரண்டும் பூவாக விழ 25 விழுக்காடு வாய்ப்பு; பிள்ளைக்குக் குறையே இல்லை. ஒன்று பூ, ஒன்று தலை என விழ 50 விழுக்காடு, பிள்ளையும் சுமப்பவர். இரண்டும் தலையாக விழ 25 விழுக்காடு, பிள்ளைக்கு நோய்.

"மூத்தவனுக்கு வந்துவிட்டது, இனி அடுத்த மூவருக்கு வராது" என்று நினைப்பது தவறு. காசுக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே 25 விழுக்காடுதான்.

தம்பதியரில் ஒருவர் மட்டும் சுமப்பவர், மற்றவருக்கு இரண்டும் நல்லவை என்றால், பிள்ளைக்குக் கடுமையான தலசீமியா வருமோ என்ற அச்சம் வேண்டாம். ஆகவே, சுமப்பவர் என்பதற்காகப் பெண்ணையோ மாப்பிள்ளையையோ ஒதுக்க வேண்டியதில்லை.

மலேசியாவில் 2016 முதல் படிவம் 4 மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை நடத்தப்படுகிறது. சம்மதப் பாரம் வீட்டுக்கு வந்தால் தயங்காமல் கையொப்பமிடுங்கள். பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், பதினொன்றாவதாக இரத்தப் பரிசோதனை முடிவையும் பார்க்கலாமே!