நெஞ்சுப் படம் எதற்கு?

பனியில் மரம் வெட்டப் போவதால் வந்த இருமல் என்று எண்ணிக் கடை மருந்தோடு காலங்கழிப்போர் தோட்டங்களில் பலர். இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது காசநோயாகவும் இருக்கலாம். பேராக் தோட்டப்புற மக்கள் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திலோ ஈப்போ பெரிய மருத்துவமனையிலோ இதனைத் தெரிவித்தல் வேண்டும். 1961ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் இத்தகையோருக்காகவே ஏற்பட்டது.

எக்ஸ்ரே படம் நுரையீரலிலுள்ள நிழலை மட்டுமே காட்டும். அது பழைய தழும்பாகவும் இருக்கக்கூடும். ஆதலின் சளியையும் சோதிப்பர். படமெடுக்கையில் வலி சிறிதும் இராது. கருவுற்ற பெண்கள் முன்னரே தெரிவித்துவிடுக.

நோய் உறுதியானால் பொதுவாக ஆறு மாத மருந்து. சில வாரங்களிலேயே இருமல் தணிந்துவிடும்; மருந்தைப் பலர் கைவிடுவதும் அப்போதுதான். எஞ்சிய கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காதனவாக மாறக்கூடும். உடன் வசிப்போரையும், குறிப்பாகக் குழந்தைகளையும், பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.