கலப்பு நாய் என்றால் மட்டமா?

தூத்துக்குடியில் புறப்பட்டு கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், மதுரை என்று ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டு வரும் மைசூர் எக்ஸ்பிரசில், பொங்கல் முடிந்த வாரத்தில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. கருப்பட்டி, சாத்தூர் சேவு, அம்மா கட்டிக் கொடுத்த பொடி வகைகள் இவற்றோடு சிலர் கையில் ஒரு கூடையும் இருக்கும். கூடைக்குள் துணி போர்த்திய நாய்க்குட்டி. கன்னியாக இருக்கலாம், சிப்பிப்பாறையாக இருக்கலாம்.

கரிசல் காட்டு மக்களுக்கு இந்த நாய்களின் மேல் தனிப் பாசம். வெறும் கூழையும் பாலையும் குடித்துவிட்டுக் காற்றாய்ப் பறக்கும் நாய்கள் அவை. ஆனால் குட்டி மைசூர் வந்து சேர்ந்து ஆறு மாதம் ஆவதற்குள், அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர் யோசனை சொல்ல வந்துவிடுவார். "இதைக் குள்ள ஜாதி டெரியரோடு சேர்த்துக் குட்டி எடுங்கள். முயலுக்கு அதைவிட நாய் கிடையாது."

இந்த யோசனையில் உண்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

கண் நாயும் மூக்கு நாயும்

நீண்ட முகம், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, குச்சி போன்ற கால்கள். இப்படிப்பட்ட நாய்கள் கண்ணால் வேட்டையாடுபவை. தொலைவில் ஒரு புல் அசைந்தால் போதும், பாய்ந்துவிடும். இந்த வகையில் உலகப் புகழ் பெற்ற கிரேஹவுண்டு மணிக்கு அறுபது கிலோ மீட்டருக்கு மேல் ஓடும். நம் கன்னியும் சிப்பிப்பாறையும், வட கர்நாடகத்து முதோள் நாயும் இதே உடல் வாகு கொண்டவை.

இவற்றின் குறையும் ஊரறிந்ததுதான். பிராணி கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் நாய் நின்று முழிக்கும். தோல் மெல்லியது, முள்வேலியில் ஒரு கீறல் பட்டாலும் கிழிந்துவிடும். முழு வேகத்தில் ஓடிய பிறகு அடுத்த ஓட்டத்துக்கு நெடுநேரம் இளைப்பாற வேண்டும்.

டெரியர் இதற்கு நேர் எதிர். அதன் பெயரே மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வளைக்குள் புகுந்து நரியையும் எலியையும் வெளியேற்ற வளர்க்கப்பட்ட நாய் அது. கால் குட்டை, மூக்கு கூர்மை. முள்ளுக்கும் அஞ்சாது, கடிக்கும் அஞ்சாது. பிடிவாதமோ சொல்லி முடியாது.

இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடு கட்டும் என்பதுதான் கணக்கு. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் பிரபுக்கள் அல்லர். இங்கிலாந்தின் வடபகுதியில் நிலக்கரிச் சுரங்கத்திலும் ஆலைகளிலும் வேலை செய்த தொழிலாளிகள். கிரேஹவுண்டுக்குத் தீனி போட வசதியில்லாத அவர்கள் விப்பெட் என்ற சின்ன நாயை வளர்த்தார்கள். 'ஏழையின் பந்தயக் குதிரை' என்று அதற்குப் பெயர். எஜமானன் தூரத்தில் நின்று கந்தல் துணியை ஆட்ட, நாய்கள் அதை நோக்கி ஓடும். அதுதான் அவர்களது ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம். இந்த விப்பெட்டையும் அதே சுரங்கப் பகுதியில் தோன்றிய பெட்லிங்டன் டெரியரையும் சேர்த்து எடுத்த குட்டிகள்தான் முயலுக்குப் பெயர் போனவை. சுரங்கக் கூலியின் வீட்டில் அடுப்பில் கறி வேகக் காரணமான நாய் என்று சொன்னால் மிகையாகாது.

ஒரு சொல், இரண்டு பிராணிகள்

ஆனால் அங்கே உள்ள முயல் வேறு, நம் காட்டில் உள்ள முயல் வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயராக இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

இங்கிலாந்துத் தொழிலாளி பிடித்தது வளை தோண்டிக் கூட்டமாக வாழும் குழி முயல். அதன் குட்டிகள் கண் திறவாமல், மயிரில்லாமல் வளைக்குள் பிறக்கும். நம் நாட்டுக் காட்டு முயல் வளை தோண்டாது. புல்லை அழுத்தி ஒரு படுகை செய்து, பகலெல்லாம் அதில் ஒடுங்கிக் கிடக்கும். குட்டிகள் பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். துரத்தினால் வளையைத் தேடி ஓடாது. வெட்டவெளியில் வளைந்து வளைந்து ஓடித்தான் தப்பிக்கும்.

ஆக, வளை நுழையும் டெரியரின் முதல் திறமைக்கே இங்கு வேலை இல்லை. புதரில் மோப்பம் பிடித்துக் கிளப்புவது ஒன்றுதான் மிச்சம். அதைச் செய்ய நம் கிராமத்தில் சாதாரண நாட்டு நாயே போதும். நாட்டு நாய் மோந்து கிளப்ப, கன்னி நாய் துரத்திப் பிடிக்கும். இரண்டு குணத்தையும் ஒரே உடம்பில் அடைக்காமல் இரண்டு நாய்களாக வைத்துக்கொண்டார்கள் நம் முன்னோர். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்.

வேலையே போய்விடும்

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. முயல் பிடிப்பது குற்றம்.

ஊரில் சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டை என்று போய், பிடித்த முயலைப் பங்கு போட்டவர்கள் பலருக்கு இது மனத்தில் பதிவதே இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டு முயல் இடம் பெற்றது. தொடக்கத்தில் லைசென்ஸ் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியையும் அடைத்தது. சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குத் துப்பாக்கியால் சுடுவது மட்டும் பொருளல்ல. கண்ணி வைப்பதும், நாய் விட்டுத் துரத்துவதும், அதற்கு முயற்சி செய்வதும்கூட வேட்டைதான். முயல் தப்பி ஓடிவிட்டது என்று சொல்லித் தானும் தப்ப முடியாது. 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

மைசூரைச் சுற்றி ஒரு பக்கம் நாகரஹொளே, மறு பக்கம் பந்திப்பூர். காவல் மிகுந்த காடுகள். மைசூர் மகாராஜாக்கள் வேட்டையாடிய பந்திப்பூரே 1973-ல் புலிகள் காப்பகமாகிவிட்டது. ராஜாவுக்கே இல்லாத வேட்டை நமக்கு எதற்கு?

அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தற்காலிகப் பணி நீக்கம் தானாகவே வந்துவிடும். கான்டிராக்ட் தொழிலாளிக்கு அந்த உத்தரவுகூடத் தேவையில்லை. மறுநாள் அவன் இடத்தில் வேறு ஆள் நிற்பான். வெளி மாநிலத்தில் ஜாமீனுக்கு ஆள் தேடி அலைவது தனிப் பாடு. ஒரு வேளைக் கறிக்கு இது கட்டுமா?

இங்கிலாந்தில்கூட 2005-லிருந்து காட்டு முயலை நாய் விட்டுப் பிடிக்கத் தடை. பயிரை அழிக்கும் குழி முயலுக்கும் எலிக்கும் மட்டும், நிலத்துக்காரர் சம்மதத்தோடு, விலக்கு இருக்கிறது.

எலிக்கு எமன்

அந்த எலியில்தான் கலப்பு நாயின் உண்மையான மதிப்பு இருக்கிறது. தானிய மண்டி, கோடவுன், மாட்டுக் கொட்டகை, சந்தைச் சந்து என்று பெருச்சாளி இல்லாத இடம் மைசூரில் எது? காட்டு முயலுக்குச் சட்டம் தரும் காப்பு வீட்டெலிக்கும் பெருச்சாளிக்கும் இல்லை. பூனை பெருச்சாளியைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும். டெரியர் ரத்தம் உள்ள நாய் ஒதுங்காது. கழுத்தைக் கவ்வி ஒரே உதறல், அடுத்ததைத் தேடும். வேட்டை நாயின் வேகமும் சேர்ந்துவிட்டால் சாக்கு அடுக்கிலிருந்து ஓடும் எலி மறு அடுக்கை எட்டாது. விஷம் வைத்தால் செத்த எலி எங்கோ கிடந்து நாறும். குழந்தை கையில் பட்டால் ஆபத்து. நாய்க்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒன்று மட்டும் கவனம். எலிச் சிறுநீரால் வரும் எலிக் காய்ச்சல் நாயையும் பிடிக்கும், நாய் மூலம் மனிதருக்கும் வரும். எலி பிடிக்கும் நாய்க்கு வெறிநாய்க்கடி ஊசியோடு இதற்கான தடுப்பூசியும் ஆண்டுதோறும் போட்டாக வேண்டும்.

குட்டி எடுப்போருக்கு

பெண் நாய் எப்போதும் பெரிய இனமாக இருக்கட்டும். சின்ன டெரியர் பெண்ணைப் பெரிய வேட்டை நாயோடு சேர்த்தால் குட்டி பெரிதாகிப் பிரசவத்தில் தாயே போய்விடும். ஒரே ஈற்றில் எல்லாக் குட்டியும் ஒன்றுபோல் இராது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒன்று தகப்பன் மூக்கோடும் தாய் காலோடும் பிறக்கும். இன்னொன்று தகப்பனின் ஓயாத குரைப்பையும் தாயின் சோம்பலையும் மட்டும் வாங்கிக்கொண்டு வரும். பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

நல்ல சுத்தக் கன்னியோ சிப்பிப்பாறையோ வைத்திருப்பவர் அதைக் கலப்புக்கு விடுவது சரியல்ல. சிப்பிப்பாறை, ராஜபாளையம், முதோள் மூன்றையும் 2020-ல் மத்திய அரசின் கர்னால் நிறுவனம் தனி இனங்களாகப் பதிவு செய்தது. முதோள் சமஸ்தானத்து ராஜா மாலோஜிராவ் கோர்படே ஆதரித்து வளர்த்த முதோள் நாய் 2005-ல் தபால் தலையில் ஏறியது. 2016-ல் அதன் குட்டிகள் பயிற்சிக்காக ராணுவத்துக்குப் போயின. முயல் துரத்திய நாய்க்குக் காவல் உத்தியோகம் கிடைத்துவிட்டது. அந்த வம்சத்தைக் கெடுப்பானேன்? கலப்புக்கு ஏற்கெனவே கலந்த நாய்களே ஏராளம்.

விற்பவர்களில் சிலர் கலப்புக் குட்டியைச் 'சுத்த ஜாதி' என்று சொல்லி ஒரு மாதச் சம்பளத்தையே கறந்துவிடுகிறார்கள். மனிதரிடம் ஜாதி கேட்பது போதாதென்று நாயிடமும் கேட்கப் போய் ஏமாறுகிறோம். தாயையும் தகப்பனையும் நேரில் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

மூன்றடிச் சங்கிலியில் கட்டிப் போட்டால் இந்த நாய் தானும் கெடும், தெருவையும் கெடுக்கும். விடிவதற்கு முன் அரை மணி, இருட்டியபின் அரை மணி ஓட விட்டாக வேண்டும். பக்கத்து வீட்டுக் கோழியையும் பூனையையும் குட்டியிலிருந்தே பழக்காவிட்டால் வம்பு வீடு தேடி வரும். தீனிக்கு மைசூரில் கவலை இல்லை. கேழ்வரகுக் களியும் மோரும், வாரத்தில் இரண்டு நாள் முட்டையோ எலும்பில்லாக் கறியோ போதும். அறுவைச் சிகிச்சை என்று போனால், இது ஓட்ட நாய் ரத்தம் என்று கால்நடை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொழுப்பில்லாத இந்த உடம்புக்குச் சில மயக்க மருந்துகள் ஒத்துக்கொள்வதில்லை.