ஒரு வீடுகூட விடுபடக்கூடாது!

ஊருக்கு நல்ல தண்ணீர் வேணும்னா ஒரு கிணறும் நாலு குழாயும் போதும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஒடிசாவின் 'கிராம் விகாஸ்' தொண்டு நிறுவனத்தைப் பற்றித் தெரிந்துகொண்டால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

சென்னையில் மாணவர் தலைவராக இருந்த கேரளத்து இளைஞர் ஜோ மடியத், 1971-ல் புயல் நிவாரண வேலைக்காக ஒடிசா போனார், அங்கேயே தங்கிவிட்டார். 1979-ல் கஞ்சம் மாவட்டத்தில் பிறந்தது இந்த நிறுவனம்.

1992-ல் தொடங்கிய குடிநீர், சுகாதாரத் திட்டத்துக்கு அவர்கள் போட்ட நிபந்தனையைக் கேளுங்கள். ஊரில் அத்தனை வீடும் சேர வேண்டும். ஒரு வீடு 'மாட்டேன்' என்றாலும் வேலை ஆரம்பமாகாது! ஏன் இந்தப் பிடிவாதம்? ஒரு வீட்டார் மட்டும் குளத்தங்கரையில் ஒதுங்கினாலும் அசுத்தம் எல்லார் தண்ணீரிலும்தானே கலக்கும்? பேதியும் காமாலையும் ஜாதி பார்த்தா வரும்?

வீட்டுக்குச் சராசரி 1,000 ரூபாய் பொது நிதி. வசதியுள்ளவர் கூடுதலாகவும் ஏழைகள் குறைவாகவும் கொடுக்கலாம். அந்த வட்டியில், பின்னால் தனிக்குடித்தனம் வரும் குடும்பங்களுக்கும் உதவி.

எல்லா வீட்டிலும் கழிப்பறையும் குளியலறையும் கட்டி முடித்த பிறகுதான் தண்ணீர் திறப்பார்கள். அந்த இரண்டிலும் ஒவ்வொரு குழாய், அடுப்படியில் மூன்றாவது. ஒரே தொட்டித் தண்ணீர் எல்லா ஜாதிக்கும்! குடம் சுமப்பதும், இருட்டும்வரை அடக்கிக்கொண்டு காத்திருப்பதும் பெண்களுக்கு இனி இல்லை.

நம் வீட்டுத் தண்ணீரை மட்டும் காய்ச்சிக் குடித்தால் போதுமா, சகோதரிகளே? அடுத்த தெருக் குழாயையும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போமே!