பால் மங்கு: தோட்டத்து மட்பாண்டத்தின் வரலாறு

ரப்பர் மரத்தில் உளி போட்ட கோட்டின் வழியே வடியும் பாலை ஏந்தக் கம்பியில் மாட்டிவைத்த சிறு மண் கிண்ணமே மங்கு. மலேசியாவின் மந்தின், லாபு வட்டாரத் தோட்டங்களில் மரத்துக்கு ஒன்றாக நிரை நிரையாக இருந்த இந்த மங்குகளை இன்று பழம்பொருள் சேகரிப்போர் தேடி வாங்குகிறார்கள்.

1877இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் அங்குள்ள தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். தோட்டங்கள் பெருகின. மரத்தின் எண்ணிக்கைக்கு ஈடாகக் கிண்ணமும் வேண்டியிருந்தது. சிரட்டை சீக்கிரம் கெட்டது, தகரம் துருப்பிடித்தது. மழையிலும் வெயிலிலும் கிடந்து தாங்கியது சுட்ட மண்தான்.

அதைச் சுட்டுத் தந்தவர்கள் தென்சீனத்திலிருந்து வந்த தியோச்சூ குயவர்கள். மேட்டுச் சரிவில் நீண்ட குகைபோலக் கட்டப்பட்ட டிராகன் சூளையின் அடிவாயில் விறகை மூட்டினால், அனல் தானே மேலேறும். பக்கத் துளைகள் வழியாகவும் விறகு போட்டு, சூட்டை 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றுவார்கள். ஜொகூரில் ஆயர் ஹீத்தாம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. சிங்கப்பூர் ஜாலான் பஹாரில் 1940இல் கட்டப்பட்ட தாவ் குவாங் சூளை இன்றும் நிற்கிறது. பால் மங்கு அங்கும் சுடப்பட்டது.

மங்கின் அழகு அதன் வேலையில் பிறந்தது. வாய் அகன்று அடி குறுகியிருக்கும். உள்ளே கண்ணாடி மெருகு பூசியிருப்பதால், உறைந்த கட்டிப்பால் விரலால் இழுத்ததும் உரிந்து வரும். விடிவதற்குள் நிரையில் இறங்கும் தொழிலாளி முதலில் வெட்டுக்கோட்டில் உறைந்திருக்கும் கோட்டுப்பாலை உரித்து, மங்கைத் துடைத்து, பிறகுதான் மரத்தைச் சீவுவார். அம்மாவுக்குத் துணையாகப் பள்ளிப் பிள்ளைகளும் மங்கு துடைத்தார்கள். இந்தக் கிண்ணத்தில் தேய்ந்திருப்பது அவர்களுடைய கைகளும்தான்.

பிளாஸ்டிக் வந்ததும் மண் மங்கு ஒதுங்கியது. ரப்பர்க் காடுகள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டபோது, மங்குகள் மரத்தடியிலேயே புதைந்தன. எஞ்சியவற்றில் சில இப்போது செடித்தொட்டிகளாக விற்கப்படுகின்றன.

சில மட்பாண்டங்கள் தம் வரலாற்றைத் தாமே சொல்லும். அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1880இல் தொடங்கிய ரூக்வுட் மட்பாண்டக் கலைக்கூடத்தின் ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தாலே அதன் வயது தெரிந்துவிடும். 1887 முதல் 1900 வரை அதன் முத்திரையில் ஆண்டுக்கொரு தீச்சுடர் கூட்டப்பட்டது. வரைந்தவரின் முதலெழுத்தும் அடியில் இருக்கும். அங்கே சேகரிப்புக்கலை வளர்ந்ததற்கு இந்தப் பதிவுகள் பெருந்துணை. ஆனால் பல மங்குகளில் முத்திரையே கிடையாது. எந்தத் தோட்டத்தில், யாருடைய நிரையில் இருந்தது என்பதைக் கிண்ணம் சொல்லாது, அங்கே பால்வெட்டியவர்தாம் சொல்ல முடியும்.

ஆகவே வீட்டில் பழைய மங்கு வைத்திருப்போர் செடி நட அதில் துளை போட வேண்டாம். தோட்டத்தின் பெயர், பிரிவு, பால்வெட்டியவர் பெயர், ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மங்குடன் சேர்த்தே வையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.