கிம் கி-டுக்கைக் கொண்டாடிய திருவனந்தபுரம்: ஓர் ஆசியப் படம் உங்கள் வீட்டுக்கு வரும் வழி எங்கே அடைபடுகிறது?

2013 டிசம்பரில் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு (ஐஎஃப்எஃப்கே) தென்கொரிய இயக்குநர் கிம் கி-டுக் வந்தபோது, திருவனந்தபுரத்தில் அவரைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. சொந்த நாட்டில் அவருடைய படங்கள் பெரும்பாலும் பெரிய வசூல் படங்கள் இல்லை. இங்கே அவர் ஸ்டார்.

(2018ல் நடிகைகள் அவர்மீது பாலியல் வன்முறைப் புகார் சொன்னார்கள், அவர் மறுத்தார். 2020 டிசம்பரில் லாட்வியாவில் கோவிட்டால் இறந்தார். அந்தப் புகார்களுக்குப் பிறகு பழைய கொண்டாட்டத்தைத் தயக்கமில்லாமல் நினைவுகூர முடியவில்லை என்பதும் உண்மை.)

விழாவில் ஒரு படத்துக்குச் சில காட்சிகள்தான். சீட் கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? அந்தக் காலத்தில் பலர் போன இடம், நகரின் கடலோரப் பகுதியான பீமாபள்ளி. சென்னைக்காரர்களுக்குச் சொல்வதென்றால், பர்மா பஜார் மாதிரி. கொரியா, ஈரான், ஜப்பான் என்று உலக சினிமா முழுக்கத் திருட்டு டிவிடியாகக் கிடைத்தது. போலீஸ் ரெய்டும் நடக்கும், விற்பனையும் நடக்கும்.

இவ்வளவு ரசிகர்கள் இருக்கும் ஊரில், காசு கொடுத்து ஒழுங்கா வாங்க ஏன் வழி இல்லை?

படம் அல்ல, 'ஏரியா'தான் விற்பனைக்கு

தமிழ் சினிமா வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கோவை ஏரியா, மதுரை ஏரியா, செங்கல்பட்டு ஏரியா என்று இங்கே படத்தைப் பிரித்து விற்பதுபோல, உலகத்தையும் பிரித்து விற்கிறார்கள். நம் படங்களின் வெளிநாட்டு உரிமைக்கு 'எஃப்எம்எஸ்' என்றே பெயர். ஃபாரின், மலேசியா, சிங்கப்பூர்.

ஒரு கொரியப் படத்தைத் தயாரிப்பாளர் பெரும்பாலும் 'சேல்ஸ் ஏஜென்ட்' ஒருவரிடம் ஒப்படைப்பார். அவர் கான், பெர்லின், ஹாங்காங், பூசான் சந்தைகளில் ஒவ்வொரு நாட்டு விநியோகஸ்தரிடமும் தனித்தனியாக விற்பார். ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் முக்கியம்: எந்த நாடு, எந்த வடிவம் (தியேட்டர், டிவி, டிஸ்க், ஓடிடி), எத்தனை வருஷம். முன்பணமாக நமக்குப் பழகிய அதே 'எம்.ஜி.', அதாவது மினிமம் கியாரண்டி.

கிம்மின் 2003ஆம் ஆண்டுப் படமான 'ஸ்பிரிங், சம்மர், ஃபால், வின்டர்... அண்ட் ஸ்பிரிங்'கை அமெரிக்காவுக்கு சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ் வாங்கியது. பிரிட்டனில் டார்ட்டன் நிறுவனம் 'ஏசியா எக்ஸ்ட்ரீம்' என்ற லேபிளில் ஆசியப் படங்களை டிவிடியாக விற்றே பெயர் வாங்கியது. 2008ல் டார்ட்டனே மூடப்பட்டது. நிறுவனம் போனால் அது வாங்கி வைத்த உரிமைகளும் கைமாறும், டிஸ்க் கடையிலிருந்து காணாமல் போகும்.

அப்போ இந்தியாவுக்கு யார் வாங்குவது?

சிக்கலே இங்கேதான். சந்தையில் நாம் பெரும்பாலும் 'இந்தியத் துணைக்கண்டம்' என்ற ஒரே ஏரியா. விழாவில் திரையிட ஒருமுறை அனுமதி போதும், தணிக்கை விலக்கும் கிடைக்கும். தியேட்டருக்கோ டிஸ்க்குக்கோ வந்தால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். கிம்மின் படங்களைப் பார்த்தவர்களுக்கு அதில் என்னவெல்லாம் வெட்டுப்படும் என்று தெரியும். வெட்டுப்பட்ட டிஸ்க்கை அந்த ரசிகர் வாங்கமாட்டார்.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. என்டிடிவி லூமியர், பாலடோர் போன்றவை உலக சினிமா உரிமைகளை வாங்கி டிவிடி போட்டன. அதே காலகட்டத்தில்தான் மோசர் பேயர் தமிழ்ப் பட விசிடியை 28 ரூபாய்க்கு விற்று, திருட்டு விசிடியோடு நேருக்கு நேர் மோதியது. லட்சக்கணக்கில் விற்றால்தான் அந்த விலை கட்டுப்படியாகும். உலக சினிமாவுக்கு அந்த எண்ணிக்கை எங்கே?

பீமாபள்ளியில் விற்ற டிஸ்க் எந்தக் கணக்கிலும் வராது. சேல்ஸ் ஏஜென்ட் பார்ப்பது விற்பனைக் கணக்கை மட்டும்தான். திருவனந்தபுரத்துக் கூட்டம் அவருக்குத் தெரியாது.

வெளிநாட்டு டிஸ்க்கை வரவழைத்தால்?

ரீஜன் கோட் குறுக்கே வரும். டிவிடியில் அமெரிக்கா 1, பிரிட்டன் 2, கொரியா 3, இந்தியா 5. ப்ளூ-ரேயில் அமெரிக்காவும் கொரியாவும் ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. ஏரியா விற்பனையைக் காப்பாற்றப் போட்ட பூட்டு இது.

இதன் வேடிக்கையைப் பாருங்கள். சத்யஜித் ராயின் அபு முப்படங்களை மீட்டெடுத்து 2015ல் ப்ளூ-ரேயாக வெளியிட்டது அமெரிக்காவின் கிரைட்டீரியன். ஏ ரீஜன். கொல்கத்தாவில் வாங்கிய சாதாரண பிளேயரில் அது ஓடாது! அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' படத்துக்கும் பிரிட்டனில் டிவிடி போட்டது செகண்ட் ரன் என்ற சிறிய நிறுவனம். திருட்டு டிவிடிக்கு மட்டும் எந்த ரீஜனும் கிடையாது.

ஓடிடி வந்ததும் சரியாகிவிட்டதா?

பாதி. தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் ஏரியா அப்படியே இருக்கிறது. கிரைட்டீரியன் சேனல் அமெரிக்கா, கனடாவில் மட்டும். முபியில் இங்கே இருக்கும் படமும் லண்டனில் இருக்கும் படமும் வேறு வேறு. விபிஎன் போட்டுப் பார்ப்பவர் காசு கட்டினாலும், அவர் இந்திய ரசிகராகக் கணக்கில் வருவதில்லை.

எல்லா ஏரியாவும் விற்றால் என்ன நடக்கும் என்பதற்குப் பாயல் கபாடியாவின் 'ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்' உதாரணம். 2024 மே மாதம் கானில் கிராண்ட் பிரி. அமெரிக்காவுக்கு சைட்ஷோவும் ஜேனஸும், இந்தியாவுக்கு ராணா டக்குபதியின் ஸ்பிரிட் மீடியா. செப்டம்பரில் கேரளத் தியேட்டர்களில், 2025 ஜனவரியில் ஹாட்ஸ்டாரில். எட்டே மாதம்.

அடுத்த முறை விழாவில் ஒரு படம் பிடித்திருந்தால், டைட்டிலிலோ கேட்டலாக்கிலோ 'வேர்ல்ட் சேல்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். அந்தப் பெயரைத் தேடினால், பல சமயம் எந்தெந்த நாட்டில் யார் வாங்கினார்கள் என்று தெரியவரும். அதில் இந்தியா இல்லையென்றால், உங்கள் வாட்ச்லிஸ்ட்டில் அந்தப் படம் ரொம்ப நாள் அப்படியேதான் கிடக்கும்.