பொழுதுபோக்கும் பொதுவாழ்வும்

பொதுக் காரியங்களில் உழைக்கும் நமது தொண்டர்கள் ஓயாமல் சொல்லும் குறை ஒன்று உண்டு. ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. எத்தனை பிரசங்கம் செய்தாலும், எத்தனை துண்டுப் பிரசுரம் வழங்கினாலும், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுகிறார்கள் என்பதே அது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், அத்தகைய மனிதனை வெளியே கொணரக் கடமையைப் பற்றிய உபதேசம் ஒன்றே வழியென்று எண்ணுவது தவறு. பலருக்குப் பொதுவான ஒரு பொழுதுபோக்கு, நூறு பிரசங்கங்களால் ஆகாததைச் சந்தடியின்றிச் சாதித்துவிடும். பறவை பார்க்கும் வழக்கத்தின் சரித்திரமே இதற்குச் சான்று.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளின் இறகைத் தொப்பியில் அணிவது மேல்நாட்டு மாதரின் நாகரிகமாக இருந்தது. வெண்கொக்கின் அழகிய தூவிகள் அது குஞ்சு பொரிக்கும் பருவத்தில் வளர்வன. ஆகவே வேடர்கள் கூட்டருகிலேயே பறவைகளைச் சுட்டார்கள். குஞ்சுகள் பட்டினியால் மடிந்தன. 1896-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹாரியட் ஹெமென்வே என்னும் சீமாட்டி, தம் உறவினரான மின்னா ஹாலுடன் கூடி, ஊர்ப் பிரமுகர்களின் விலாசப் புத்தகத்தைப் பார்த்து, வீட்டு மாதர்களைத் தேநீர் விருந்துக்கு அழைத்தார். சட்டசபைத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத காலம் அது. ஆயினும் சுமார் 900 மாதர்கள் இறகுத் தொப்பியைப் பகிஷ்கரித்தார்கள். பறவைப் பாதுகாப்புக்கென ஒரு சங்கமும் தோன்றியது. மறு வருஷமே அவர்கள் மாகாணத்தில் காட்டுப் பறவைகளின் இறகு வியாபாரம் தடுக்கப்பட்டது. 1918-ல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் அந்நாடு முழுவதுக்கும் வந்தது.

அந்நாட்டில் கிறிஸ்துமஸ் தினத்தன்று மற்றொரு வழக்கமும் இருந்தது. இரு கட்சியாகப் பிரிந்து, துப்பாக்கியுடன் புறப்பட்டு, அதிகமான பிராணிகளைக் கொன்று குவித்த கட்சியே ஜயித்ததாகக் கொள்வார்கள். 1900-ல் பிராங்க் சாப்மன் என்ற பறவை நூல் வல்லார், "கொல்ல வேண்டாம், எண்ணுவோம்" என்ற கருத்தை முன்வைத்தார். அவ்வாண்டு 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். இப்போதோ வருஷந்தோறும் பல்லாயிரவர் எண்ணுகின்றனர்.

எண்ணுவதால் என்ன பயன் என்று சிலர் நகைக்கலாம். தன் முற்றத்தில் தனியே குருவியை எண்ணியவன், அண்டை ஊரான் கணக்கையும் அறிய விரும்புகிறான். சென்ற வருஷம் நூறு இருந்த இடத்தில் இவ்வருஷம் பத்தே இருப்பானேன் என்று கேட்கிறான். விடை தேடி ஏரிக்கரைக்குப் போகிறான். அங்கே குப்பை மலையைக் காண்கிறான். அதைக் கொட்டியவர் யார் என்று விசாரிக்க அதிகாரியின் வாசலுக்கும் போகிறான். அந்த வாசலில் நிற்பவன் பொழுதுபோக்காளன் அல்லன், பிரஜை!

சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமே இதற்கு உதாரணம். நகரத்தின் குப்பையும் கட்டிடங்களும் அதை விழுங்கிவந்தபோது, அக்கம்பக்கத்துக் குடும்பஸ்தர்களும் பறவை ஆர்வலர்களும் விடாமல் முறையிட்டார்கள். 2007-ல் அதன் ஒரு பகுதி காப்புக் காடாயிற்று. 2022-ல் சர்வதேச முக்கியத்துவமுடைய ராம்சார் நிலங்களின் வரிசையில் இடம் பெற்றது. அங்கு எத்தனை இனப் பறவைகள் வருகின்றன என்று பொறுமையாகக் குறித்து வைத்தவர்கள் இல்லையேல், அந்நிலத்துக்காக எதைக் காட்டி வாதாடுவது?

எல்லாப் பொழுதுபோக்கும் இத்தகையதன்று. சீட்டாட்டம் மனிதனை நான்கு சுவர்களுக்குள்ளேயே திரும்பவும் அடைத்துவிடும். கண்ணை வெளியே திருப்புவதும், அண்டை மனிதனின் துணையை நாடச் செய்வதுமான பொழுதுபோக்கே நாம் போற்றத்தக்கது.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. அதற்குத் துப்பாக்கியும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். வீட்டு மாடியிலோ குளக்கரையிலோ 15 நிமிஷம் நின்று, கண்டதை எண்ணி எழுதினால் போதும். தொண்டர்களே! வெளியே வராதவனை வைவதை நிறுத்துங்கள். அடுத்த பொங்கலன்று அவன் வீட்டு மாடிக்கு நீங்களே ஏறிச் சென்று, அவனோடு கால் மணி நேரம் நில்லுங்கள். குளக்கரைக்கு அவன் தானே வருவான்.